நிறுத்தி வைத்தே என் விமானத்தைக் கொல்கிறார்கள்

தைப்பூசக் காவடி முடிந்த வாரம் என் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைப் பட்டறையில் விட்டேன். சித்திரையே பிறந்துவிட்டது. விமானம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. வருடாந்தரப் பரிசோதனை, இரண்டு வாரத்தில் முடித்துவிடுவோம் என்றுதான் வாங்கி வைத்தார்கள். என்ஜின் பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ ஒன்றைக் கழற்றி வெளியே அனுப்பியிருக்கிறார்களாம், அது வரவில்லையாம். சரி, 1974-இல் செய்த விமானம், உதிரிபாகம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், தரச்சான்றிதழ் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட மாட்டக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். காத்திருப்பதற்கு நான் கோபப்படவில்லை.

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன், கடலோர ஊர். கதவைத் திறந்தால் உப்புக்காற்று. இந்தக் காற்றில் அந்த என்ஜினை இத்தனை வாரம் அப்படியே போட்டு வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் விமானத்தில் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் என்ஜின். அதில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கும் மேலே. ஓடாமல் நின்றால் அதன் மேல் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். அப்புறம் வெறும் இரும்பும் ஈரக்காற்றும்தான். துரு பிடித்துக் குழி விழும். அந்தக் குழியோடு ஓட்டினால் உரசி உரசி, இரும்புத்தூள் எண்ணெயில் கலந்து என்ஜின் முழுக்கச் சுற்றும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் புது என்ஜினின் சிலிண்டர் சுவரில் 2 நாளிலேயே துரு பார்த்திருக்கிறோம் என்று லைகமிங் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. என்னுடையது 2 நாளா நின்றது?

நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது, ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டும் ஈரம் உறிஞ்சும் குப்பி இருக்கிறது. ஒரு போன் செய்திருந்தால் நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேன். கேட்டால், "மேக்னெட்டோவைக் கழற்றும் வரைக்கும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டிவிட்டோமே" என்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. தரையில் பத்து நிமிடம் ஓட்டுவது, ஓட்டாமல் விடுவதைவிடக் கேடு! எரிபொருள் எரியும்போது உண்டாகும் தண்ணீர் எண்ணெயில் சேரும். எண்ணெய் 75 டிகிரி அளவுக்குச் சூடேறி, ஒரு மணி நேரமாவது பறந்தால்தான் அது ஆவியாகி வெளியே போகும். விமானத்தைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இதை நானா சொல்லித்தர வேண்டும்?

விமானம் வைத்திருப்பவனுக்கு என்ன கவலை என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். நானும் மச்சானும் ஆளுக்குப் பாதி போட்டு, பல வருடம் சேர்த்து வாங்கியது. இதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மொட்டை வெயிலில் நின்று, தலைக்கு மேல் போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்த பையன்கள் நாங்கள். கேம்ஷாஃப்ட் போனால் என்ஜினையே பிரிக்க வேண்டும். அந்தப் பணம் எங்களிடம் இல்லை.

பேசியவரைக்கும் போதும். திங்கட்கிழமை காலை மச்சானையும் கூட்டிக்கொண்டு நேரில் போகிறேன். ஒரு சிலிண்டரைக் கழற்றி, என் கண்முன்னே விளக்கடித்து அந்தக் கேம்ஷாஃப்டைக் காட்டச் சொல்லப்போகிறேன். குழி இருந்தால், அந்தப் பத்து நிமிடக் கதையை எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.