பல் வெட்டிய காசு என்றால் முழு வெள்ளியா?

"விளிம்பில் பல்பல்லாக வெட்டு இருந்தால் அது முழு வெள்ளி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று பழைய ரோமானியக் காசுகளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. கி.மு. 79இல் ரோமின் நாணய அதிகாரி நேவியஸ் பால்பஸ் வெளியிட்ட டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு இந்த வகைதான். அதிலேயே, செம்புக்கு மேல் வெள்ளி போர்த்திய அந்தக் காலத்துப் போலிகள் உண்டு. போலி செய்தவன் பல்லையும் விட்டுவைக்கவில்லை, கெட்டிக்காரன்!

பழங்கால ஜெர்மானியர்கள் பல் வெட்டிய காசுகளை விரும்பி வாங்கினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் சொல்வது சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் முழு வெள்ளி என்பதல்ல; பழைய, நெடுநாள் பழகிய காசு என்பதுதான்.

வாங்கும் முன் வெட்டுப் பள்ளங்களை லென்ஸில் பாருங்கள்; செம்போ பச்சைக் களிம்போ எட்டிப் பார்க்கலாம். அப்புறம் எடை. நல்ல காசு 3.9 கிராமை ஒட்டி இருக்கும். தேயாத காசு 3 கிராம்தான் என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.