மரபணுக் கணக்கைப் பூட்டி வைத்து யாருக்கு லாபம்?

செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருக்கும் என் நண்பனின் அப்பாவுக்குப் போன வருடம் குடலிறக்க ஆபரேஷன். தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்று ஓர் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் தெளிய வேண்டியது, அவருக்கு நாலு மணி நேரம் தானாக மூச்சே வரவில்லை, வென்டிலேட்டர்தான். நண்பன் வராந்தாவில் டீ டம்ளரைக் கையிலேயே வைத்து ஆறவிட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அந்த மருந்தை உடைக்கும் நொதி அவர் ரத்தத்தில் வேலை செய்யவில்லை. இவர்கள் ஆரிய வைசியர். அந்தச் சமூகத்தில் இந்தக் குறை அதிகம் என்பது மயக்க மருத்துவர்களுக்குப் பழைய சேதி, அப்பாவுக்குத்தான் புதுசு. அப்புறம் சோதித்ததில் சித்தப்பாவுக்கும் அதே குறை. இப்போது இரண்டு பேர் பர்ஸிலும் ஆதாருக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது.

இப்படி எந்தச் சமூகத்தில் என்ன ஒளிந்திருக்கிறதோ, எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்! மத்திய அரசின் ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 பேரின் மரபணுவைப் படித்து, 2025 ஜனவரியில் ஃபரீதாபாத் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆள்வாரி விவரத்துக்கு அது சரி. நான் எல்லோருக்கும் திறக்கச் சொல்வது கூட்டுக் கணக்கை, அதாவது எந்த மரபணு மாற்றம் எந்த நோயோடு எவ்வளவு சேர்ந்து வருகிறது என்ற பட்டியலை. பின்லாந்தில் ஃபின்ஜென் திட்டம் 5 லட்சம் பேரிடம் எடுத்த அந்தப் பட்டியலைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்து ஒரு வருடம் கழித்து உலகத்துக்கே திறந்துவிடுகிறது. ஆனால் தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கும், இதயத் தசையைக் கெடுக்கும் ஒரு மரபணுக் குறை, 25 மரபணு எழுத்துகளின் விடுபடல், அங்கே தேடினால் கிடைக்குமா? நம் ஆட்களை எண்ணினால்தான் உண்டு.

கூட்டுக் கணக்கிலிருந்தே ஒருவர் அதில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம் என்று 2008ல் ஓர் ஆய்வு சொன்னது நிஜம். ஒருவரின் மரபணு விவரம் ஏற்கெனவே கையில் இருந்தால்தான் அது நடக்கும். பயந்துபோய் மூடிய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமே 2018ல் பெரும்பாலானதை மறுபடி திறந்துவிட்டது.

எனக்கு உதறுவது ஏற்காட்டை நினைத்துத்தான். நாகலூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடிகள் மாதிரி சின்னக் கூட்டத்தில் ஆள் பெயரை மறைத்து என்ன பயன், சமூகத்தின் பெயரே போதும், பெண் பார்க்கும் இடம் வரை பேச்சு போய்விடும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடி மக்கள் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தத்தைப் பல்கலைக்கழகக்காரர்கள் வேறு ஆய்வுக்கும் எடுத்தார்கள். வழக்கு நடந்து 2010ல் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ரத்தம் எடுக்க மலை ஏறுகிறவர்கள் முதலில் ஊரைக் கூட்டிக் கேட்கட்டும், வேண்டாம் என்றால் அந்தச் சமூகத்தின் வரியை மட்டும் பட்டியலில் விட்டுவிடட்டும். அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் பூட்டாதீர்கள்.