‘போல’வுக்கு அடிக்கோடு போட்டால் உவமை புரிந்துவிடுமா?

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில வாக்கியங்களைக் கொடுத்து, ‘இதில் உவமை எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். கண் நேராக ‘போல’வைத் தேடிப் போகும். பார்த்த உடனே அடிக்கோடு. ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதற்கும் அதே அடிக்கோடுதான். சரி, மழையை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே ஒப்பீடே கிடையாது, வெறும் ஊகம். நன்னூல் சொல்லும் 12 உவம உருபுகளையும் (‘போல’, ‘அன்ன’ மாதிரி ஒப்பீட்டைக் காட்டும் சொற்கள்) கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகூட இங்கே மாட்டிக்கொள்ளும்.

அணி, அதாவது உவமை, உருவகம் போன்ற மொழி அழகுகள் என்றாலே உருபைக் கண்டுபிடிப்பது என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. உவமைக்கு உயிர் பொதுத்தன்மையில் இருக்கிறது. இரண்டு பொருளுக்கும் எது பொது என்று பிள்ளை யோசிக்கிற அந்த நேரம்தான் பாடம்.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே அருமையான வழி இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது உவமவியல். செயல், விளைவு, வடிவம், நிறம். வகுப்பறையின் நான்கு மூலைகளிலும் இந்த நான்கையும் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் ஒரு உவமையைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் தங்களுக்குச் சரி என்று படுகிற மூலைக்கு ஓட வேண்டும், ஏன் அங்கே போனோம் என்று வாதாட வேண்டும். ‘பவளம் போன்ற வாய்’ என்றால் முக்கால்வாசிப் பேர் நிறத்துக்குப் போய்விடுவார்கள். ‘மழை போலக் கொடுத்தான்’ என்றால்தான் சண்டை ஆரம்பிக்கும். கொடுப்பது செயல்தானே என்று ஒரு கூட்டம், மழையால் எல்லாருக்கும் நன்மை, அதனால் பயன் என்று இன்னொரு கூட்டம். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், கொஞ்சம் பேச விடுங்கள். ‘புலி போல வந்தான்’ என்றதும் ஒரு பையன் நிறத்தின் மூலையில் போய் நின்றுகொண்டு, ‘கோடு போட்ட மஞ்சள் சட்டை போட்டிருந்தானா?’ என்று கேட்டான். எவ்வளவு சரியான கேள்வி! பாய்ந்தானா, பதுங்கினானா என்று சொல்லாத வரை அந்த உவமை எந்தப் பக்கமும் சாயலாம் என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

உருவகத்துக்கு இரண்டு துண்டுச் சீட்டு போதும். ஒன்றில் ‘மலர்’, இன்னொன்றில் ‘முகம்’. மலர்முகம் என்று வைத்தால் மலர் போன்ற முகம், உவமை. சீட்டை இடம் மாற்றி முகமலர் என்று வைத்தால் முகமே மலர், உருவகம். கையால் மாற்றி வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது. அப்புறம் செய்தித்தாளில் ‘கேள்விக்கணை’ என்று வந்தாலும் தானாகவே கண்ணில் படும்.

இல்பொருள் உவமைக்கு விளக்கமே அதிகம் வேண்டாம். ‘கொம்பு முளைத்த குதிரை போல’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும். உலகத்தில் இல்லாததை உருவாக்குவதில் இந்த வயதுப் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது.

மரபுத்தொடர்களைப் படமாக வரையச் சொல்வது இப்போது நிறைய இடங்களில் நடக்கிறது. ‘காதில் பூ சுற்றினான்’ என்றால் காதைச் சுற்றிப் பூச்சரம். நல்ல விளையாட்டுதான், ஆனால் படத்தைச் சுவரில் ஒட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். படத்துக்குக் கீழே, அந்தத் தொடரை உண்மையில் எந்தச் சூழலில் சொல்வோம் என்று இரண்டு வரி உரையாடல் எழுத வைக்காவிட்டால் அது ஓவிய வகுப்பாகவே முடிந்துவிடும்.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே, தேர்வில் உருபைத்தானே கேட்கிறார்கள்’ என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அதனால்தான் வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்கிறேன். ‘உவம உருபை எடுத்தெழுதுக’ என்ற கேள்வியோடு, ‘இவ்விரண்டுக்கும் பொதுவான தன்மை எது? இதே பொருளுக்கு நீ வேறு என்ன உவமை சொல்வாய்?’ என்றும் கேளுங்கள். விடைக்குறிப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் சரி என்று போடாமல், காரணம் சொன்ன எல்லாப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.