கதிரையும் நாற்காலியும்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் நெஞ்சை உறுத்துகிறது.

ஒரு கட்டுரையில் ஒருவர் ‘கதிரை’ என்று எழுதியிருந்தார். ‘நாற்காலி’ என்று மாற்றினேன். மறுநாள் காலையில் மறுபடியும் கதிரை. அவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கும் ‘மீளமை’யை அழுத்தினேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் மூன்றே சொற்கள்: “பொதுத் தமிழில் எழுதுக.” அன்று இரவு என் பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: “எங்கள் வீட்டில் அம்மா கதிரை என்றுதான் சொல்லுவா. அது பொதுத் தமிழ் இல்லை என்று இன்றைக்குத்தான் அறிந்தேன்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூடத் தொகுக்கவில்லை.

கதிரை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து இலங்கைத் தமிழில் ஊறிப்போன சொல். 2003இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியத்துக்கு முதல் செங்கற்களை எடுத்து வைத்தவர்களில் ஒருவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நேற்று நுழைந்த நான், எது பொதுத் தமிழ் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

இத்தகைய சண்டைகள் அங்கே ஓய்வதே இல்லை. ஜெர்மனியா, செருமனியா, யேர்மனியா? கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா? இந்த வாதங்களை நான் வெறுக்கவில்லை. மொழியின் மேல் பற்று இருப்பதால்தான் மனிதர்கள் சம்பளம் இல்லாமல் நள்ளிரவு வரை உட்கார்ந்து வாதாடுகிறார்கள். அதற்காகத்தானே ‘ஆலமரத்தடி’ என்று ஒரு பக்கமே வைத்திருக்கிறோம்! என் கோபமெல்லாம் வாதம் செய்யாமல் அழிப்பவர்கள் மேல்தான். எழுதியவரிடம் ஒரு சொல் கேட்காமல் மீளமைப்பது, பந்தியில் உட்கார்ந்தவரின் இலையை எடுத்துவிடுவதற்குச் சமம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதியே உண்டு. என்னைக் கேட்டால், புதியவர் ஒருவரின் முதல் தொகுப்பை விளக்கம் சொல்லாமல் ஒரே ஒரு முறை மீளமைப்பதும் அதிகம்தான்.

நேரில் என்றால் அவர் முகம் வாடியதைப் பார்த்திருப்பேன். “தவறாக நினைக்காதீர்கள் ஐயா” என்று அங்கேயே சொல்லியிருப்பேன். திரையில் எனக்குத் தெரிந்தது ஒரு பயனர் பெயர் மட்டும். அதன் பின்னால் ஓர் அம்மா இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதெல்லாம் கட்டுரையைத் தொடும் முன் எழுதியவரின் பேச்சுப் பக்கத்துக்குப் போகிறேன். முதலில் வணக்கம், அடுத்து, அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது, அப்புறம்தான் ஐயம். இதனால் வேலை மெதுவாகிறது. ஆகட்டும்.

அந்தக் கட்டுரையில் கதிரையைத் திரும்ப வைத்துவிட்டு, அடைப்புக்குள் நாற்காலி என்று சேர்த்தேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டும் எழுதினேன். பதில் இல்லை. நான் பின்தொடரும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் அவர் பெயர் தென்படுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.