காட்மாண்டுக்குக் காரில் செல்ல ஆதார் மட்டும் போதாது

சேலத்திலிருந்து சொந்தக் காரில் காட்மாண்டு செல்ல ஆதார் அட்டையே போதும் என்றும், ஏற்காடு ஏறிப் பழகியவருக்கு அந்தச் சாலை எளிது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியுள்ளது. இந்தியருக்கு நேபாளத்தில் விசா தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் தரைவழியாகச் செல்பவர்களில் 15 முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்ட வேண்டும், ஆதார் அங்கே செல்லாது. ஆதாரே போதும் என்பதை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புபவர், வாரணாசி, கோரக்பூர் எல்லாம் கடந்து, சுனௌலி எல்லையில் திரும்ப நேர்ந்தால் என்ன ஆவது?

வண்டிக்கும் தனி அனுமதி உண்டு. எல்லையின் நேபாளப் பக்கத்திலுள்ள சுங்க அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டி, தங்கும் நாள்களைக் கணக்கிட்டுக் கட்டணம் செலுத்தி 'பன்சார்' என்னும் சீட்டைப் பெற வேண்டும். திரும்பும் வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏற்காட்டு ஒப்பீடும் பொருந்தாது. நம் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். காட்மாண்டு செல்லும் வழியிலுள்ள நாராயண்காட்–முக்லிங் சாலையோ திரிசூலி ஆற்றை ஒட்டியே நெடுந்தூரம் செல்வது. 2024 ஜூலையில் அங்கே நிலச்சரிவு இரண்டு பேருந்துகளை ஆற்றுக்குள் தள்ளியது. மழைக்காலத்தில் அவ்வழியே இரவில் ஓட்ட வேண்டாம்.