இரண்டு முறை 25 லட்சம்

பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வழக்கிலும் தண்டனை கிடைத்துவிட்டதே, இனிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இருக்கிறது. 2019-இலும் 2024-இலும் உயர் நீதிமன்றம் தமிழக அரசைப் பார்த்து, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடு என்று உத்தரவிட்டது. புகார் கொடுத்த பெண் யார் என்ற விவரம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியே போனதற்கான இழப்பீடு அது. ஐந்து வருட இடைவெளியில் அதே தவறு, அதே தொகை.

பொள்ளாச்சியில் நடந்ததை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிவந்த ஒரு கும்பல் மீது பிப்ரவரி 2019-இல் கல்லூரி படிக்கும் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். கொடுத்த சில நாளில் அவருடைய சகோதரரைப் பிடித்து அடித்தார்கள். அந்த நிலைமையில் மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தப் பெண்ணின் அடையாளத்தைச் சொல்கிறார். அது போதாதென்று, வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அதே கும்பலிடம் சிக்கி, வீட்டில்கூடச் சொல்லாமல் அழுதுகொண்டிருந்த பெண்கள் அன்று டிவியைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? "போனா நம்ம பேரும் வெளிய வந்துடும்." இதைவிடப் பெரிய பாதுகாப்பைக் குற்றவாளிகளுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

அப்படியும் சிலர் வந்தார்கள். கோவை மகளிர் நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை நடந்தது. ஆறு வருடம் இழுத்தும் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. சட்டம் கடுமையாக இருந்ததால்தான் இந்தத் தீர்ப்பு வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். மின்னணு ஆதாரங்கள் இருந்தன, சரி. ஆனால் அந்தப் பெண்கள் வந்து பேசாமல் இருந்திருந்தால் அந்த வீடியோக்களை வைத்து வழக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்க முடியும்? அவர்கள் பேசியதற்குக் காரணம், யார் என்று வெளியே தெரியாது என்ற நம்பிக்கையை யாரோ அவர்களுக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றியும் காட்டியதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு, 2024 டிசம்பரில் வளாகத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்தபோது எஃப்.ஐ.ஆர். வெளியே வந்துவிட்டது. பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் எஃப்.ஐ.ஆர். இணையதளத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளாமல் போய்விட்டது என்று விளக்கம் சொன்னார்கள். புதிய சட்டம் ஜூலை மாதமே அமலுக்கு வந்தது. நடுவில் ஆறு மாதம் யாரும் சரிபார்க்கவில்லையா? அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதுபோல இருக்கிறது என்றும் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை நீதிமன்றமே அமைத்த பிறகு வழக்கு வேகமாக நகர்ந்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. மனம் வைத்தால் ஆறு மாதத்துக்குள் முடிக்கலாம் என்பது அங்கே தெரிந்தது.

இதற்கிடையில் 2025 ஜனவரியில் சட்டப்பேரவை தண்டனைகளைக் கூட்டி ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் இதுதான் நடக்கிறது. தூக்கில் போடு என்கிறோம், அரசும் ஆண்டுகளைக் கூட்டுகிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. புகாரே வராத குற்றத்துக்கு எத்தனை ஆண்டு தண்டனை எழுதி வைத்து என்ன பயன்?

புகார் கொடுக்க வரும் பெண் எத்தனை பேரிடம் ஒரே கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் ஸ்டேஷனில். அப்புறம் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரிடம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ரகசிய வாக்குமூலம். அடையாள அணிவகுப்பு நடந்தால் குற்றம் செய்தவனை நேரில் நின்று காட்ட வேண்டும். வருடங்கள் கழித்து, மறக்க முயன்ற எல்லாவற்றையும் குறுக்கு விசாரணையில் மறுபடி தோண்டுவார்கள். இத்தனையையும் தாங்கிக்கொள்ளத் தயாராக வருபவரிடம் அரசு தர வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதம், பெயர் வெளியே போகாது என்பதுதான்.

காவல்துறையை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. பொள்ளாச்சி வீடியோவில் அந்தப் பெண் பெல்ட்டால் அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிய குரல் ஊரில் எல்லோருடைய போனிலும் ஓடியது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை, கோபத்தில்தான் அனுப்பினார்கள். ஆனாலும் அந்தக் குரலை அவருடைய தெருவில் இருப்பவர்களும் கேட்டிருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழக எஃப்.ஐ.ஆர். நகலும் இப்படித்தான் குரூப் குரூப்பாகப் போனது. உங்களுக்கு அப்படி எது வந்தாலும் அழித்துவிடுங்கள். அனுப்பியவர் சொந்தக்காரராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது புகார் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருந்தால் இவற்றைச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் பதிவு செய்ய வேண்டும். அதை வீட்டிலோ தான் சொல்லும் இடத்திலோ வைத்துக் கேட்கச் சொல்லலாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை உண்டு. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, முதலில் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். உதவிக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. ஸ்டேஷனுக்குக் கூட வர ஆள் இல்லை என்றால் நீங்களே கூடப் போங்கள்.