பயந்துட்டேன்னு சொன்னா போதுமா?

போன வியாழக்கிழமை நடந்தது, இன்னும் படபடப்பு அடங்கல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அப்பா ஊர்லேர்ந்து வந்து மூணு வாரம் ஆகுது. நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, டாலஸுக்கு வடக்க. இங்க புதுசா கட்டற குடியிருப்புங்க எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அதே செங்கல், அதே கராஜ் கதவு, வாசல்ல அதே மரம், பத்து வருஷமா இருக்கற நானே ஒரு ராத்திரி அடுத்தவங்க டிரைவ்வேல வண்டிய ஏத்தியிருக்கேன். அப்பா வாக்கிங் போயிட்டு இருட்டினப்புறம் திரும்பினவர், அடுத்த தெருவுல எங்க வீடு மாதிரியே இருந்த ஒரு வீட்டுக் கதவத் தட்டியிருக்கார். யாரும் திறக்கலன்னதும் கைப்பிடிய ரெண்டு தடவை ஆட்டிப் பாத்திருக்கார், நம்ம வீடுதானேன்னு. உள்ள இருந்த பொண்ணு டோர்பெல் கேமரா வழியா யாருன்னு கேட்டிருக்கு, இவருக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடல, கேமராவப் பாத்து கும்பிட்டிருக்கார். அந்தப் பொண்ணு கதவத் திறக்கல, கத்தவும் இல்ல, எங்க ஏரியா வாட்ஸப் குரூப்ல போட்டோ போட்டு "இவர் யார் வீட்டுப் பெரியவர்"னு கேட்டுச்சு, நான் செருப்பு கூடப் போடாம ஓடிப்போய் கூட்டிட்டு வந்தேன்.

வந்து ரசஞ்சாதம் சாப்ட்டுட்டு அப்பா தூங்கிட்டார். எனக்குத் தூக்கம் வரல, ஏன்னா எனக்கு கன்சாஸ் சிட்டி ஞாபகம் வந்துருச்சு.

2023 ஏப்ரல் 13, மிசௌரி மாநிலம் கன்சாஸ் சிட்டி. 16 வயசு கறுப்பினப் பையன், தம்பிங்க ரெண்டு பேரையும் ஒரு வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வரக் கிளம்பறான். போக வேண்டியது 115வது டெரஸ், போனது 115வது ஸ்ட்ரீட். பெல் அடிச்சிட்டு வாசல்ல நின்னான். உள்ள இருந்த 84 வயசுக்காரர் கண்ணாடிக் கதவு வழியாவே தலையில சுட்டார், கீழ விழுந்தவன் கையில இன்னொரு குண்டு. எப்படியோ பொழச்சிட்டான். ரெண்டே நாள் கழிச்சு நியூயார்க் மாநிலத்துல ஹெப்ரான்ங்கற சின்ன ஊர்ல, வழி தப்பி ஒரு வீட்டு டிரைவ்வேல நுழைஞ்சிட்டு திரும்பிப் போயிட்டிருந்த கார் மேல வீட்டுக்காரர் சுட்டு, உள்ள இருந்த 20 வயசுப் பொண்ணு செத்துப்போச்சு. ஹெப்ரான்காரருக்கு பின்னால கொலைக் குற்றம் உறுதியாகி 25 வருஷத்துலேர்ந்து ஆயுள் வரைக்கும் தண்டனை. கன்சாஸ் சிட்டிக்காரர போலீஸ் முதல்ல விசாரிச்சுட்டு வெளிய விட்டுட்டாங்க, ஜனங்க தெருவுல இறங்கினப்புறம்தான் கேஸே போட்டாங்க.

இது நேத்து இன்னிக்கு ஆரம்பிச்சதும் இல்ல. 1992 அக்டோபர்ல லூசியானா பேட்டன் ரூஜ்ல யோஷிஹிரோ ஹட்டோரின்னு ஒரு 16 வயசு ஜப்பான் பையன், எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டா வந்தவன், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போறேன்னு வீடு மாறிப் போயிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோட கதவத் திறந்து "ஃப்ரீஸ்"னு கத்தினார். அசையாதேன்னு அர்த்தம், ஆனா இங்கிலீஷ் வேற பாஷையா இருக்கற ஒருத்தனுக்கு அந்த நேரத்துல அது எப்படிப் புரியும்? பார்ட்டிக்கு வந்தேன்னு சொல்லிட்டே முன்னால வந்தான், நெஞ்சுல சுட்டார். சில மணி நேரம் பேசி ஜூரி அவர விடுதலை பண்ணிடுச்சு. அந்தப் பையனோட அப்பா அம்மா ஜப்பான்ல 17 லட்சம் கையெழுத்து வாங்கி, அப்போ அமெரிக்க அதிபரா இருந்த கிளின்டன நேர்ல பாத்து, வீட்டுல துப்பாக்கி வேண்டாம்னு கேட்டாங்க. அத முன்னால படிச்சப்போ வருத்தப்பட்டுட்டு அடுத்த வேலையப் பாத்தேன். வியாழக்கிழமை ராத்திரி அந்தப் பையன் இருந்த எடத்துல அப்பா நின்னுட்டிருந்தார்.

இப்ப சட்டத்துக்கு வர்றேன், ஏன்னா இங்க நம்ம ஆளுங்களே நிறைய பேர் இத "தற்காப்பு"ங்கற ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. தற்காப்பு உரிமை எல்லா நாட்டுலயும் உண்டு, நானும் அத வேண்டாங்கல. அமெரிக்காவுலயும் பழைய சட்டத்துல வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்து தாக்க வந்தா நீ ஓட வேண்டாம், நின்னு திருப்பித் தாக்கலாம்னு இருந்தது. வெளிய, தெருவுல, பார்க்கிங் லாட்ல, பல மாநிலங்கள்ல ஒரு கேள்வி கேப்பாங்க: உன்னால பாதுகாப்பா விலகிப் போயிருக்க முடியுமா? போயிருக்கலாம்னா போயிருக்கணும், கொன்னது தப்பு. 2005ல ஃப்ளோரிடா அந்தக் கேள்வியத் தூக்கிப் போட்டுச்சு. துப்பாக்கி லாபியான என்ஆர்ஏ முன்ன நின்னு தள்ளின சட்டம், அப்போ கவர்னரா இருந்த ஜெப் புஷ் கையெழுத்துப் போட்டார், பேரு ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட். அதாவது நின்ன எடத்துலேர்ந்து நீ ஒரு அடி பின்வாங்க வேண்டாம். இன்னிக்கு ஏறக்குறைய 30 மாநிலங்கள்ல ஏதோ ஒரு வடிவத்துல இது இருக்கு, டெக்சாஸ்ல 2007 செப்டம்பர் 1லேர்ந்து.

அந்த ஃப்ளோரிடா சட்டத்துக்கு ஆதரவா சொன்ன கதை என்னன்னு தேடிப் படிச்சேன், ஆடிப் போயிட்டேன். 2004ல ஐவன் புயல் அடிச்சு வீடு பழுதான ஒரு முதியவர் பென்சகோலாவுல டிரெய்லர் வண்டில தங்கியிருந்தார், ராத்திரி ஒருத்தன் உள்ள வந்தான்னு சுட்டுட்டார். அவர் மேல கேஸ் போடறதா வேண்டாமான்னு அரசு வக்கீல் முடிவு பண்ற வரைக்கும் பாவம் அவர் தவிச்சார், அதனால சட்டத்த மாத்தணும்னாங்க. ஆனா கடைசில அவர் மேல கேஸே போடல, பழைய சட்டமே அவரக் காப்பாத்திடுச்சு! செத்தவர் யாருன்னு பாத்தா புயல் நிவாரண வேலைக்கு வெளியூர்லேர்ந்து வந்த ஆள். ஒரு மனுஷன் செத்திருக்கார், அவர் ஏன் அங்க வந்தார், என்ன நிலைமைல வந்தார்னு நிதானமா விசாரிக்கறது கூட தொந்தரவுன்னு ஒரு சட்டம் எழுதினாங்கன்னா அத என்னன்னு சொல்றது.

இதுல என் மனசு ஆறவே ஆறாத விஷயம் ஒண்ணுதான். சுட்டவன் மனசுல நியாயமான பயம் இருந்ததாங்கறதுதான் முழுக் கேள்வியும். பயந்தேன்னு சொல்ல அவன் உயிரோட இருக்கான். நான் ஒண்ணும் பண்ணலயேன்னு சொல்ல வேண்டியவன் செத்துட்டான். 2012ல ஃப்ளோரிடா சான்ஃபோர்டுல டிரேவான் மார்ட்டின், 17 வயசு, கடைல மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிட்டு நடந்து போனவன். சந்தேகமா இருக்குன்னு பின்னாடியே போனார் அந்த ஏரியாவ தானே முன்வந்து காவல் பாத்த ஜிம்மர்மன், போன்ல போலீஸ் தரப்புல "நீங்க பின்தொடர வேண்டாம்"னு சொல்லியும். கைகலப்பு, ஒரு குண்டு, பையன் காலி. இந்தச் சட்டத்தக் காட்டி போலீஸ் ஆறு வாரம் கைது பண்ணவே இல்ல. அப்புறம் விசாரணைல வக்கீலுங்க இந்தச் சட்டத்த வச்சு தனியா விலக்கு கேக்கலதான், ஆனா ஜூரிக்கு நீதிபதி படிச்ச விதிமுறைல பின்வாங்கத் தேவையில்லங்கற அதே வரி இருந்தது. விடுதலை.

யாரப் பாத்தா பயம் வருதுங்கறதும் எல்லாருக்கும் ஒண்ணா இல்ல. டாம்பா பே டைம்ஸ் பத்திரிகை 2012ல ஏறக்குறைய 200 கேஸ எடுத்துப் பாத்தாங்க, செத்தவர் கறுப்பினத்தவரா இருந்தா சுட்டவங்கள்ல 73% பேருக்கு தண்டனையே இல்ல, செத்தவர் வெள்ளைக்காரரா இருந்தா 59%. நாம கறுப்பு இல்லியேன்னு யாராவது நினைச்சா 2015ல அலபாமா மாடிசன்ல நடந்தது ஞாபகம் இருக்கட்டும், பேரப்பிள்ளையப் பாக்க வந்த குஜராத்திப் பெரியவர் தெருவுல நடந்து போறதப் பாத்து ஒருத்தர் கறுப்பின ஆள் சுத்தறார்னு போன் பண்ணி, வந்த போலீஸ்காரர் தரைல தூக்கி அடிச்சதுல முதுகுத்தண்டு அடிபட்டுப் போச்சு. அங்க சுட்டது யாரும் இல்ல, ஆனா பயம் அதே பயம்.

சட்டம் ஆளுங்க மனசுக்குள்ள எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னா பாசடீனா கேஸ். இதே டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கம், 2007 நவம்பர். பக்கத்து வீட்டுல ரெண்டு பேர் திருடறாங்கன்னு அவசர உதவி நம்பர் 911க்கு போன் பண்ணினவர்கிட்ட, வெளிய போகாதீங்க, எந்தப் பொருளும் ஒரு உயிர எடுக்கற அளவுக்கு ஒசத்தி இல்லன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பத் திரும்ப சொல்றாங்க. அவர் சொல்றார், செப்டம்பர் ஒண்ணுலேர்ந்து சட்டம் மாறிடுச்சு, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்னு. வெளிய போய் ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்னார். கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற கிராண்ட் ஜூரி அவர் மேல கேஸே வேண்டாம்னுடுச்சு.

இதனால குற்றம் குறைஞ்சதான்னா, அதுவும் இல்ல. டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்த மாதிரி சட்டம் வந்த மாநிலங்களப் பாத்தாங்க, திருட்டு வழிப்பறி எதுவும் குறையல, கொலை சுமார் 8% கூடியிருக்கு. ஃப்ளோரிடாவ மட்டும் 2017ல பாத்தவங்க 24% கூடினதா எழுதினாங்க. நாட்டுல ஆளுங்களவிட துப்பாக்கி அதிகம், நூறு பேருக்கு 120னு 2018 கணக்கு, டெக்சாஸ்ல 2021லேர்ந்து 21 வயசான பெரும்பாலானவங்க கைத்துப்பாக்கிய லைசென்ஸே இல்லாம இடுப்புல வச்சுக்கலாம். இவ்வளவு துப்பாக்கி இருக்கற எடத்துல பயந்தா சுடுன்னும் சொன்னா என்ன ஆகும்?

நம்ம தமிழ் நண்பர் ஒருத்தர், வயசுல சின்னவர், போன வருஷம் அவங்க ஏரியாவுல இந்தியர் வீடுகள்ல நகைத் திருட்டு நடந்ததும் ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கிட்டார். சனிக்கிழமை அவர்கிட்ட அப்பா விஷயத்த சொன்னேன். "அதுக்காக என்ன பண்ண சொல்றீங்கண்ணா, நாளைக்கு உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்தா ஃபேமிலிய யார் காப்பாத்துவா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி, கோவப்படல. நான் திருப்பிக் கேட்டேன், உங்க வீட்டுக் கதவ அன்னிக்கு எங்கப்பா ஆட்டியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க தம்பின்னு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "தெரியலண்ணா"ன்னார். நல்ல மனுஷன், உண்மையச் சொன்னார், அந்த உண்மைதான் என்னைய இன்னும் பயமுறுத்துது.

அவருக்கு சொன்னதையே இங்கயும் சொல்றேன். கதவு பூட்டியிருந்தா பூட்டியே இருக்கட்டும். பிள்ளைங்கள மாடிக்கு கூட்டிட்டுப் போங்க, 911 அடிங்க. நகை பேங்க் லாக்கர்ல இருக்கட்டும். துப்பாக்கி வீட்டுல இருந்தா பெட்டில பூட்டி, குண்டு தனியா. 2021ல அமெரிக்கா முழுக்க துப்பாக்கியால செத்த 48,830 பேர்ல 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுக்கிட்டவங்க, அத வாங்கினப்போ பெரும்பாலானவங்க திருடன நினைச்சுத்தான் வாங்கியிருப்பாங்க. ஓட்டு உரிமை இருக்கறவங்க, இந்த "பின்வாங்கத் தேவையில்ல" சட்டத்தப் பத்தி உங்க மாநில சட்டமன்ற உறுப்பினர் என்ன சொல்றார்னு ஒரு தடவையாவது கேளுங்க, நான் எங்க உறுப்பினருக்கு எழுதிட்டேன்.

சம்மர்ல அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்க, வந்த அன்னிக்கே தெருப் பேரும் வீட்டு நம்பரும் உங்க போன் நம்பரும் எழுதி அவங்க பாக்கெட்ல வச்சிருங்க. வாசல்ல சாயங்காலமே எரியற மாதிரி ஒரு கலர் லைட் போடுங்க, நான் நேத்து பச்சை போட்டேன். எந்தக் கதவா இருந்தாலும் பெல் அடிச்சுட்டு பத்தடி தள்ளி நிக்கணும், கைப்பிடியத் தொடவே கூடாதுன்னு சொல்லிக் குடுங்க. அப்பாவுக்கு இத சொன்னப்போ "நம்ம வீட்டுக் கதவையுமா?"ன்னு கேட்டார். ஆமாப்பா, நம்ம வீட்டுக் கதவையும்தான்னேன்.